யாருடைய வெள்ளிக்கிழமை

பதினோரு வருடமாக ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் நான் எழுதுவதைப் பன்னிரண்டு நாடுகளில் இருபதாயிரம் பேர் படிக்கிறார்கள். அதாவது, இருபதாயிரம் பேருக்கு மின்னஞ்சலில் போகிறது. படிக்கிறார்களா என்பது வேறு விஷயம்.

எங்கள் பல்கலைக்கழகத்தின் வார அறிவிப்பு அது; 'வளாகத்தில் இந்த வாரம்' என்று பெயர். யார் எங்கே பேசுகிறார்கள், எந்தக் கூட்டத்தில் டீ உண்டு, எதில் டீயோடு கேக்கும் உண்டு, எந்தப் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள், எந்த உதவித்தொகைக்கு என்றைக்குக் கடைசி நாள், எல்லாம் அதில் இருக்கும். ஒரே பக்கத்துக்குள் அடங்க வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. இரண்டாம் பக்கத்துக்கு யாரும் போவதில்லையாம். என் மனைவி சரோஜ் முதல் பக்கத்துக்கே போனதில்லை.

இந்த வேலையில் எனக்குப் பிடித்தது, இடையிடையே ஒரு வரி வேடிக்கையாக எழுதிவிடுவது. பிடிக்காதது, அதற்காக மேலிடம் கூப்பிடுவது. இரண்டு வருடத்துக்கு முன்னால் துணைவேந்தர் உரைக்கான அறிவிப்பில், 'புதிய நாற்காலிகள், சாய்ந்து தூங்க வசதியானவை' என்று எழுதினேன். எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வருடா வருடம் டிசம்பரில் புதுப்பிக்கும் ஒப்பந்த வேலை. இன்னொரு கடிதம் வந்தால் புதுப்பிக்க மாட்டார்கள். ஐம்பத்திரண்டு வயதில், கேக்கைப் பற்றி நகைச்சுவையாக எழுதத் தெரியும் என்பதைத் தவிர வேறு தகுதி இல்லாதவனை ஃபிஜியின் சுவா நகரத்தில் யார் வேலைக்கு வைப்பார்கள்?

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு வரி அதிகமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு, ஓய்வுபெறும் ஒரு துறைத்தலைவருக்குப் பிரிவு உபசாரம். அதன் கீழே எழுதியிருந்தேன்: 'உரைக்கு முன்னால் கேக்கைத் தொடுபவர்கள் முழு உரையையும் மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும்.' எழுதிவிட்டு நானே சிரித்தேன். அதை வெட்ட மனசு வரவில்லை. பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில், 'நேரங்கள் எல்லாம் ஃபிஜி நேரம்' என்று ஒரு வரி பதினோரு வருடமாகக் கிடந்தது. அதை யார் படிக்கிறார்கள் என்று நினைத்து எடுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை நண்பகல் தாண்டிப் பத்து நிமிடம். ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்து, உருளைக்கிழங்கு கறியோடு முதல் கடி கடித்த நேரத்தில் போன் அடித்தது. நியூயே தீவிலிருந்து மனோங்கி.

மனோங்கியை நான் நேரில் பார்த்ததில்லை. நான்கு வருடமாகத் தபால் வழியில் கடலறிவியல் படிக்கிறாள். பகலில் மீன்வளத் துறையில் படகு கழுவும் வேலை. மாதம் ஒருமுறையாவது போன் செய்து, "அங்கிள், இந்த வாரம் அங்க என்னென்ன நடக்குது?" என்பாள். வரப்போவதில்லை என்று தெரிந்தும் ஒவ்வொரு கூட்டத்தையும் விசாரிப்பாள். கேக் எப்படி இருந்தது என்றுகூடக் கேட்பாள். என் எழுத்துக்கு உலகத்தில் ஒரே ஒரு உண்மையான வாசகி உண்டென்றால் அவள்தான்.

"அங்கிள், சாப்பிடுறீங்களா? வாய்ல ஏதோ இருக்கு."

"ரொட்டிதான். சொல்லு."

"சிறு தீவு உதவித்தொகைக்குக் கட்டுரை எழுதி முடிச்சுட்டேன். நாளைக்கு ஹெகாவு சாரைப் பிடிச்சுக் கையெழுத்தும் சீலும் வாங்கிட்டா வேலை முடிஞ்சுது. ஒரு நாள் முழுசா இருக்கு. அதான் தைரியமா போன் பண்றேன்."

ரொட்டி தொண்டையில் நின்றுவிட்டது.

எங்களுக்கும் நியூயேவுக்கும் நடுவே கடலில் சர்வதேசத் தேதிக்கோடு என்று ஒரு கோடு ஓடுகிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் வெள்ளி என்றால் அந்தப் பக்கம் வியாழன். விண்ணப்பத்துக்குக் கடைசி நேரம் வெள்ளி மாலை ஐந்து மணி, சுவாவில். அப்போது அவள் கடிகாரத்தில் ஆறு மணி. கிழமையோ வியாழன்.

"மனோங்கி, இன்னைக்கு இங்க வெள்ளிக்கிழமைம்மா."

"தெரியும் அங்கிள். இங்க வியாழன்."

"இங்கத்த வெள்ளிக்கிழமைதான் கடைசி."

மறுமுனையில் ஒரு சேவல் கூவியது.

"இல்ல அங்கிள். கீழ அந்த வரி இல்லையே! நாலு வருஷமா அந்த வரியைப் பாத்துத்தான் நான் ஒரு நாளைக் கழிச்சுக்குவேன். இந்தத் தடவை அது இல்ல. சரி, சின்னத் தீவுங்களுக்கான உதவித்தொகையாச்சே, அவங்கவங்க ஊர் நேரம் குடுத்திருக்காங்கன்னு நெனச்சேன். கடவுளுக்குத் தோத்திரம்னுகூடச் சொன்னேன்."

பொடி எழுத்தை ஒருத்தி படித்திருக்கிறாள். வாரா வாரம் படித்திருக்கிறாள்.

"ஏதோ கம்ப்யூட்டர் கோளாறு போல" என்றேன். கம்ப்யூட்டர் பாவம், எதிரில் ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருந்தது.

"அப்ப எனக்கு எவ்வளவு நேரம் இருக்கு?"

"அஞ்சு மணி நேரத்துக்குப் பத்து நிமிஷம் கொறைச்சல்."

அந்த உதவித்தொகை மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் வரும். ஒரு வருடம் சுவாவில் தங்கி, ஆய்வுக்கூடப் பாடங்களை முடித்துப் பட்டம் வாங்கலாம். ஆய்வுக்கூடத்தைத் தபாலில் அனுப்ப முடியாதல்லவா? வயது இருபத்தெட்டைத் தாண்டக் கூடாது. மனோங்கிக்கு அடுத்த மாதம் இருபத்தெட்டு முடிகிறது. இன்று தவறினால் நான்கு வருடப் படிப்பும் படகு கழுவின தண்ணீர் மாதிரி கடலோடு போக வேண்டியதுதான்.

"ஹெகாவு எங்க இருக்கார் இப்போ?"

"இன்னைக்கு விமானம் வர்ற நாள் அங்கிள்" என்றாள். குரல் உடைந்திருந்தது.

சின்னத் தீவில் ஒரு ஆளுக்கு ஒரு வேலை என்ற கணக்கெல்லாம் கிடையாது. எங்கள் பல்கலைக்கழகத்தின் நியூயே கிளைக்குப் பொறுப்பாளர் ஹெகாவு. விமானம் வரும் நாளில் தீயணைப்பு வண்டிக்கு ஓட்டுநரும் அவரே. வண்டி ஓடுபாதை ஓரத்தில் நிற்காவிட்டால் விமானம் இறங்கக் கூடாது என்பது சட்டம். சீலோ அவருடைய அலுவலக அலமாரியில். சாவியோ அவருடைய இடுப்பில்.

"நீ நேரா விமான நிலையத்துக்குப் போ. விமானம் எத்தனை மணிக்கு?"

"இங்க மூணு மணிக்கு."

"அப்ப நிறைய நேரம் இருக்கு. போ, போ!"

நிறைய நேரம் இருக்கிறது என்று நான் சொன்ன எதுவும் வாழ்க்கையில் உருப்பட்டதில்லை.

ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு செரெயானாவின் அறைக்குப் போனேன். உதவித்தொகைப் பிரிவு முழுவதும் அவள் கையில். என்னைவிட எட்டு வயது சின்னவள். என்னை மிரட்டுவதில் மட்டும் எண்பது வயது மூத்தவள். காதில் செம்பருத்திப் பூ வைத்துக்கொண்டு, மாலை உபசாரத்துக்காகப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன ஆர்மோகம், பேயறைஞ்ச மாதிரி வர்ற? கேக் வரலையா?"

"கேக்கெல்லாம் வந்தாச்சு. சும்மா ஒண்ணு கேக்கலாம்னு. அந்தச் சிறு தீவு உதவித்தொகை... கடைசி நேரத்தை ஒரு நாள் தள்ளி வெச்சா என்ன?"

அவள் பாயைக் கீழே வைத்தாள்.

"யாருக்காக?"

"பொதுவா."

"நீ பொதுவா கேக்கற ஆள் இல்லையே! போன தடவை ஒரு ஆளுக்கு அரை மணி நேரம் கூட்டிக் குடுத்தோம். ஒன்பது தீவுலேருந்து புகார் வந்துச்சு. இப்ப விண்ணப்பப் பக்கம் அஞ்சு மணிக்குத் தானா மூடிக்கும். உதவித்தொகைக் குழுத் தலைவர் சொன்னாத்தான் நான் தொறக்கலாம்." கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "ஆனா அறிவிப்புலயே தப்பு இருந்தா அது வேற கதை. அப்ப எல்லாருக்கும் சேர்த்து மாத்திரலாம். ஏதாவது தப்பு இருந்துச்சா?"

கதவு திறந்திருந்தது. தலையை நுழைத்தால் போதும். நான் டிசம்பரை நினைத்தேன். இன்னொரு கடிதத்தை நினைத்தேன். சாப்பாட்டு மேசையில் சரோஜ் என்னைப் பார்க்கும் பார்வையை நினைத்தேன்.

"சேச்சே. தப்பெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றேன்.

"அப்பப் போய் நாற்காலியை அடுக்கு."

நாற்காலி அடுக்கினேன். அடுக்கும்போது ஒரே கணக்குத்தான் மனசில் ஓடியது. விமானம் அங்கே மூன்று மணிக்கு, அதாவது இங்கே இரண்டு. இறங்கி, ஆளை இறக்கி, ஏற்றி, கிளம்ப ஒன்றேகால் மணி நேரம். இங்கே மூன்றேகாலுக்கு ஹெகாவுக்கு விடுதலை. சீல் வாங்க அரை மணி. அனுப்பப் பத்து நிமிடம். நான்கு மணிக்கு எல்லாம் முடிந்து, நானும் நிம்மதியாகக் கேக் சாப்பிடலாம். யாருக்கும் ஒன்றும் தெரியப் போவதில்லை. கோழை போடும் கணக்கு எப்போதும் மிகச் சரியாக இருக்கும். விமானம்தான் அதைக் கேட்காது.

இரண்டரைக்கு அழைத்தேன்.

"இன்னும் வரல அங்கிள். ஆக்லாந்துல மழையாம். லேட்டாத்தான் கிளம்பிச்சாம்."

மூன்றேகாலுக்கு அழைத்தேன். எடுக்கவில்லை. மூன்றரைக்கு, மூன்று நாற்பதுக்கு, மூன்று ஐம்பதுக்கு. விமானம் வரும் நாளில் தீவு முழுக்க அங்கேதான் கூடியிருக்கும். மாலை கட்டிக்கொண்டு, உறவுக்காரர்களுக்குக் காத்துக்கொண்டு, எல்லாரும் ஒரே நேரத்தில் போனில் பேசிக்கொண்டு. இங்கே என் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே சுவாவின் மழை. நான்கு பத்துக்கு அவளே அழைத்தாள்.

"அங்கிள், விமானம் இன்னும் அரை மணி நேரத்துலயாம். நான் வண்டிக்குக் கீழயே நிக்கிறேன். ஹெகாவு சார் உச்சியில உக்காந்திருக்கார்."

"சாவியையாவது குடுக்கச் சொல்லு!"

"கேட்டேன். அவர் முன்னாடிதான் சீல் வைக்கணும்னு விதி இருக்காம். ஒரு தடவை யாரோ அவருக்குத் தெரியாம வெச்சு அவருக்குத்தான் திட்டு விழுந்துச்சாம். எறங்கி வாங்கன்னேன். வானத்துல எழுபது உசிரு இருக்கு மகளே, எறங்க மாட்டேன்ங்கறார். நல்ல மனுஷன் அங்கிள். கண்ணுல தண்ணி வருது அவருக்கு. ஆனா எறங்க மாட்டேங்கறார்."

பின்னால் ஒரு தடித்த குரல் கேட்டது: "சுவாக்காரன்கிட்ட சொல்லு, நான் சட்டப்படிதான் நடக்கறேன்னு!"

"அங்கிள்" என்றாள் மனோங்கி. இப்போது அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "பரவால்ல. நீங்க ஓடாதீங்க. நான்தான் சரியா கேட்டுத் தெரிஞ்சுக்கல. படகு வேலையும் ஒண்ணும் மோசமில்ல."

தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டு எனக்கே ஆறுதல் சொல்கிறாள். போனை வைத்துவிட்டு ஓடினேன். குழுத் தலைவர் உபசாரத்தில் இருப்பார். அவர் காலில் விழுந்தாவது கேட்டுவிடுவது என்று ஓடினேன்.

கூடத்துக்குள் நுழைந்த பிறகுதான் என் அறிவிப்பில் நானே எழுதியிருந்தது நினைவுக்கு வந்தது: 'முதலில் யங்கோனா சடங்கு.' எல்லாரும் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மரத்தொட்டி. இடுப்புக்கு மேல் எண்ணெய் பூசிய ஒருவர் யங்கோனா பானத்துக்கான வேர்ப்பொடியைத் தண்ணீரில் பிசைந்துகொண்டிருந்தார். உலகத்தில் எந்த அவசரமும் இல்லாதவர் போல. தலைமை விருந்தினர் முதல் சிரட்டையைக் குடித்து முடிக்கும்வரை யாரும் எழக் கூடாது, பேசக் கூடாது. ஃபிஜியில் பிறந்தவனுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. வாசலோரம் பொத்தென்று உட்கார்ந்தேன்.

குழுத் தலைவர் எதிர்ச் சுவரோரம். இடையில் முப்பது முழங்கால்கள். நான்கு இருபத்தைந்து. பிசைகிறார். நான்கு முப்பது. வடிகட்டுகிறார். வடிகட்டியதைத் தூக்கிப் பார்க்கிறார். திருப்தியில்லை. மறுபடி பிசைகிறார். நான் செரெயானாவைப் பார்த்துக் கையால், முகத்தால், புருவத்தால் என்னென்னவோ செய்தேன். வயிற்று வலி என்று நினைத்திருப்பாள். பக்கத்திலிருந்த பெரியவர் என் தொடையில் ஒரு அடி வைத்தார்.

நான்கு முப்பத்தெட்டு. முதல் சிரட்டை போனது. எல்லாரும் கை தட்டினோம். இனிப் பேசலாம் என்று எழப் போனால், குழுத் தலைவர் முந்திக்கொண்டு தொண்டையைச் செருமினார். கையில் காகிதம். நாலைந்து பக்கம் இருக்கும்.

"தூரத்துத் தீவுகளில் உள்ள நம் பிள்ளைகளை நாம் ஒருபோதும் மறந்ததில்லை..." என்று தொடங்கினார்.

நான் நாலு காலில் தவழ்ந்து வெளியே வந்தேன்.

நான்கு நாற்பத்தாறு. என் அறை. கடித்த ரொட்டியில் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. விண்ணப்பப் பக்கத்தைத் திறக்கும் அதிகாரம் எனக்கு இல்லை. நாளை மாற்றும் அதிகாரம் இல்லை. பதினோரு வருடத்தில் எனக்கென்று கொடுத்தது ஒரே ஒரு பொத்தான். அதை அழுத்தினால் இருபதாயிரம் பேருக்குப் போகும். போனது போனதுதான். அனுப்பிவிட்டால் அப்புறம் அது பல்கலைக்கழகம் சொன்னது ஆகிவிடும், ஆர்மோகம் சொன்னது ஆகாது.

தட்டினேன். இரண்டு முறை அழித்து மறுபடி தட்டினேன்.

'திருத்தம். செவ்வாயன்று வெளியான அறிவிப்பில், நேரம் எந்த ஊர் நேரம் என்று சொல்லும் வரியை நான் நீக்கிவிட்டேன். தவறு என்னுடையது மட்டுமே. சிறு தீவு உதவித்தொகைக்குக் கடைசி நேரம், அவரவர் தீவின் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி. ஆர்மோகம்.'

பதினோரு வருடத்தில் நகைச்சுவை இல்லாமல் நான் எழுதியது அது ஒன்றுதான். நான்கு ஐம்பத்து மூன்றுக்கு அழுத்தினேன். கூடத்தின் பக்கமிருந்து முப்பது போன்கள் ஒரே நேரத்தில் கூவுவது மழையைத் தாண்டிக் கேட்டது.

மனோங்கியை அழைத்தேன். பின்னால் விமானத்தின் இரைச்சல்.

"வந்துருச்சு அங்கிள்! இப்பதான் தரையைத் தொட்டுச்சு! ஆனா நேரம்..."

"நேரம் இருக்கு. நாளைக்கு அஞ்சு மணி வரைக்கும்."

"நாளைக்குன்னா... யாரோட நாளைக்கு அங்கிள்?"

"உன்னோட நாளைக்கும்மா. உன்னோட வெள்ளிக்கிழமை."

அவள் அழுதாள். நானும்தான். எறும்புகள் இருந்ததால் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

ஐந்து மணிக்கு முன்பே செரெயானா வந்துவிட்டாள். காதில் பூ இல்லை. கையில் போன்.

"மத்தியானம் நான் உன்னைக் கேட்டேனா இல்லையா? தப்பு இருந்துச்சான்னு கேட்டேனா?"

"கேட்ட."

"நீ என்ன சொன்ன?"

நான் ரொட்டியைப் பார்த்தேன்.

"அப்பவே சொல்லியிருந்தா நான் தலைவரைக் கேட்டு முறையா மாத்தியிருப்பேன். உன் பேர்கூட வெளிய வந்திருக்காது. இப்ப பன்னண்டு நாட்டுக்குத் தண்டோரா போட்டுட்டு உக்காந்திருக்க. அவர் உரையைப் பாதியில நிறுத்திட்டார், தெரியுமா? முப்பது பேரும் போனைப் பாக்கறாங்க." நாற்காலியில் உட்கார்ந்தாள். கோபம் இறங்கினால் அவள் குரலும் இறங்கிவிடும். "முட்டாள்யா நீ. என்மேல அவ்வளவு பயமா உனக்கு?"

"உன்மேல இல்ல" என்றேன். அது முழு உண்மை இல்லை.

பக்கத்தை மூட விடாமல் எங்கள் சனிக்கிழமை மாலை நான்கு மணி வரை, அதாவது நியூயேயின் வெள்ளி ஐந்து மணி வரை, திறந்து வைக்கச் சொல்லிவிட்டார் தலைவர். இருபதாயிரம் பேருக்குப் போய்விட்டதே, வேறு வழியில்லை. மறுநாள் அதன் வழியாக ஏழு விண்ணப்பங்கள் வந்தன. நியூயேயிலிருந்து ஒன்று. குக் தீவுகளிலிருந்து ஆறு. அவர்களும் பொடி எழுத்தைப் பார்த்தே கணக்குப் போடுகிறவர்கள். அந்த ஆறு பேர் எனக்குப் போன் செய்யவில்லை. அதனால் அவர்களை நான் நினைக்கக்கூட இல்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் ரொட்டி தொண்டையில் நிற்கிறது.

செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது. டிசம்பரோடு சரி. சரோஜிடம் காட்டினேன். முதல் முறையாக நான் எழுதியதை, அந்தத் திருத்தத்தை, கேட்டு வாங்கிப் படித்தாள். "இதுல சிரிப்பே இல்லையே" என்றாள். பிறகு எனக்கு இன்னொரு கரண்டி பருப்பு ஊற்றினாள்.

டிசம்பரில் என் கடைசி அறிவிப்பைத் தயார் செய்தேன். 'வாய்ப்புகள்' பகுதியில் போட மேலிடம் அனுப்பிய குறிப்புகளில் ஒன்று: 'வளாகத்தில் இந்த வாரம் - எழுத ஆள் தேவை. பகுதி நேரம். மாணவர்களுக்கு மட்டும்.' என் நாற்காலிக்கு நானே விளம்பரம் எழுதினேன். பிழை திருத்தினேன். அடியில் பொடி எழுத்து வரியைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் வைத்தேன். நகைச்சுவைக்கு இடமில்லாமல் போயிற்று.

வியாழக்கிழமை போன். அவளுக்குப் புதன்.

"அங்கிள், கேட்டீங்களா? கெடைச்சுருச்சு! பிப்ரவரில வர்றேன்! ஹெகாவு சார் தீயணைப்பு வண்டியிலயே எங்க வீட்டுக்கு வந்து ஹாரன் அடிச்சார்!"

எனக்கு முன்பே தெரியும். செரெயானா முந்தின நாளே வந்து, விஷயத்தைச் சொல்லி, என் மேசையில் ஒரு துண்டுக் கேக்கை வைத்துவிட்டுப் போயிருந்தாள். ஆனாலும் புதிதாகக் கேட்பவன் போல ஆரவாரம் செய்தேன்.

"இன்னொண்ணு அங்கிள். இந்த வாரம் ஒரு வேலை போட்டிருக்கீங்களே, எழுத ஆள் வேணும்னு? அங்க வந்தா கைச்செலவுக்கு ஆகும். நான் போடட்டுமா? எனக்குக் கிடைக்குமா?"

அது என் வேலை என்று அவளுக்குத் தெரியாது. சொல்லலாமா என்று ஒரு நிமிடம் பார்த்தேன். பிப்ரவரியில் வந்து தானாகத் தெரிந்துகொள்ளட்டும்.

"போடு. உன்ன விட்டா யாருக்குக் கிடைக்கும்? அதைப் படிக்கிறவளே நீ ஒருத்திதான்."

"கடைசி நாள் வெள்ளிக்கிழமைன்னு இருக்கு. கீழ அந்த வரியும் இருக்கு. அப்ப எனக்கு வியாழன்."

"அதேதான்."

"என்கூட இருந்து சொல்லித் தருவீங்கல்ல?"

"கேக்கைப் பத்தி எழுதறது மட்டும் நானா வந்து சொல்லித் தர்றேன்" என்றேன். "ஹெகாவுகிட்ட சீல் வேணும்னா இன்னைக்கே போய் வாங்கிடு. நாளைக்கு விமானம் வர்ற நாள்."